விஷி அரசுக்குள் எத்தனை கட்சிகள்?

கேட்டவரின் கேள்வி இது: "இரண்டாம் உலகப் போரில் தோற்ற பிரான்சில் ஹிட்லரோடு ஒத்துப்போன விஷி அரசு வெறும் பொம்மை அரசுதானே? அப்படியானால் எதற்கு ஒருவரை ஒருவர் கைது செய்துகொண்டார்கள்? உள்ளேயே இருந்துகொண்டு ஹிட்லரை எதிர்த்த கோஷ்டி ஒன்று இருந்ததாமே, உண்மையா? அப்போது நம்ம பாண்டிச்சேரி யார் பக்கம்?"

பாண்டிச்சேரியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். மற்றதைப் பார்த்தால், நீங்கள் கேட்க வந்தது கோஷ்டிகளின் பெயர்ப் பட்டியல் அல்ல என்று நினைக்கிறேன். இவ்வளவு அடித்துக்கொண்டார்கள் என்றால் அதில் ஒரு தரப்பாவது நல்ல தரப்பாக இருந்திருக்க வேண்டுமே என்பதுதான் அடியில் இருக்கும் கேள்வி. கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்திய காலத்தில் மாணவர்கள் வருஷா வருஷம் இதையே வேறு வேறு விதமாகக் கேட்பார்கள். என் பதில்: சண்டை நிஜம், நாடகம் இல்லை. ஆனால் ஜெர்மனியோடு ஒத்துழைக்கலாமா கூடாதா என்பதற்காக அவர்கள் சண்டை போட்டது மிகக் குறைவு. யார் போய்ப் பேசுவது, என்ன விலைக்குப் பேசுவது, பேசி வாங்கியதை வைத்து உள்நாட்டில் யார் ஆள்வது என்பதற்காகத்தான் பெரும்பாலான சண்டை. கோஷ்டிகள் போட்டி போடப் போட ஜெர்மனிக்குக் கிடைத்தது கூடிக்கொண்டே போனது.

முதலில் "பொம்மை அரசு" என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 1940 மே 10-ல் தொடங்கிய ஜெர்மன் படையெடுப்பில் பிரான்ஸ் ஆறு வாரத்தில் சரிந்தது. ஜூன் 16 இரவு, முதல் உலகப் போரில் வெர்தன் களத்தின் வீரராகப் பெயர் வாங்கிய மார்ஷல் பெத்தேன் பிரதமரானார். வயது 84. ஜூன் 22-ல் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 10-ல் விஷி என்ற நீரூற்று நகரத்தின் சூதாட்ட விடுதி அரங்கில் கூடிய நாடாளுமன்றம், 569-க்கு 80 என்ற வாக்கில் முழு அதிகாரத்தையும் அவர் கையில் கொடுத்தது. வடக்கும் அட்லாண்டிக் கரையும் ஜெர்மானியர் பிடியில். தெற்கு விஷியின் ஆட்சியில். ஒரு லட்சம் பேர் கொண்ட சிறு படை, சேதமில்லாத பெரிய கடற்படை, ஆப்பிரிக்காவிலும் இந்தோசீனாவிலும் குடியேற்ற நாடுகள் எல்லாம் அதனிடம் மிச்சமிருந்தன. அமெரிக்கா தன் தூதராக ஒரு அட்மிரலையே அங்கே அனுப்பி வைத்திருந்தது. ஆக 1940-லிருந்து 1942 நவம்பர் வரை விஷியிடம் பேரம் பேசச் சரக்கு இருந்தது. சரக்கு இருந்ததால்தான் சண்டை.

அரசாங்கம் நடந்தது ஹோட்டல்களில். பார்க் ஹோட்டலின் மூன்றாம் தளத்தில் பெத்தேன், அதற்குக் கீழ்த் தளத்தில் துணைப் பிரதமர் பியேர் லவால். அமைச்சகங்களெல்லாம் பக்கத்து விடுதி அறைகளில். குளியலறைகளில் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். யார் யாருடைய அறைக்குள் போனார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பது ஊர் முழுக்கத் தெரியும். நாடாளுமன்றம் இல்லை, தேர்தல் இல்லை, பத்திரிகைக்குத் தணிக்கை. இந்தச் சூழ்நிலையில் அரசியல் என்பது கிழவரின் காதைப் பிடிப்பதுதான். அவருடைய சொந்த மருத்துவர் மெனெத்ரெல், அமைச்சர் பலரைவிடச் செல்வாக்கோடு இருந்தார்.

இப்போது அந்தக் கைது. 1940 டிசம்பர் 13, மாலை. அமைச்சர்களைத் திடீரென்று கூப்பிடுகிறார் பெத்தேன். எல்லோரும் ஒரே தாளில் ராஜினாமா எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். லவால் தயங்கவே இல்லை. தொழிலாளர் அமைச்சர் பெலேனைக் கழற்றிவிடத்தான் இந்த ஏற்பாடு என்று அவர் நினைத்தாராம். பெத்தேன் பக்கத்து அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, கல்வி அமைச்சர் ரிப்பேர், லவால் ஆகிய இருவரின் ராஜினாமாவை மட்டும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். அன்றிரவே லவாலின் தொலைபேசி துண்டிக்கப்பட்டது. மெய்க்காவல் படை ஒன்று அவரைச் சொந்த ஊரான ஷாத்தெல்தோனில் அவருடைய மாளிகையிலேயே காவலில் வைத்தது. பாரிஸில் லவாலின் கூட்டாளியான மார்செல் தெயாவைப் போலீஸ் பிடித்தது. சில மணி நேரத்தில் ஜெர்மானியர் தலையிட்டு விடுவித்தார்கள். மூன்றாம் நாள் ஜெர்மன் தூதர் ஓட்டோ அபெட்ஸ் ஆயுதம் ஏந்திய காவலோடு பாரிஸிலிருந்து விஷிக்கே காரில் வந்து லவாலை மீட்டுக்கொண்டு போனார். போவதற்கு முன் லவாலுக்கும் பெத்தேனுக்கும் நேருக்கு நேர் நடந்த பேச்சில் லவால் மரியாதையெல்லாம் விட்டுவிட்டார்.

இந்த நாள் பிற்காலத்தில் பெத்தேனின் ஆதரவாளர்களுக்குப் பெரிய ஆயுதமானது. "பாருங்கள், ஹிட்லரின் ஆளையே தூக்கி எறிந்தார்" என்பார்கள். நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. லவால் மேல் சக அமைச்சர்களுக்கு இருந்த குறை, ஒத்துழைக்கிறார் என்பதல்ல. தனியாக, வாய்மொழியாக, யாருக்கும் அறிக்கை தராமல் பாரிஸில் உட்கார்ந்து பேசுகிறார், கொடுத்துவிட்டு வருகிறார், எதையும் வாங்கி வருவதில்லை என்பதே குறை. யூகோஸ்லாவியாவில் போர் (Bor) என்ற ஊரிலிருந்த செப்புச் சுரங்கத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்த பங்குகள் ஜெர்மானியர் கைக்குப் போயின. பெல்ஜியம் பாதுகாப்பாக வைக்கச் சொல்லி பிரான்சிடம் கொடுத்திருந்த சுமார் 200 டன் தங்கத்தையும் தர ஒப்புக்கொண்டார். அதெல்லாம் போக, பெத்தேனுக்கு அந்த ஆளையே பிடிக்காது. வழக்கறிஞர், நாடாளுமன்றத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர், வாயில் சிகரெட் அணையாது. மார்ஷலின் முகத்துக்கு நேரே புகை விடுவார் என்பது அந்த ஹோட்டலில் எல்லோரும் சொன்ன புகார். நெப்போலியனின் மகனுடைய சவப்பெட்டியை வியன்னாவிலிருந்து பாரிஸுக்குக் கொண்டுவந்து ஹிட்லர் நடத்தவிருந்த விழாவுக்குப் பெத்தேனை இழுத்துப் போக லவால் முயன்றது கடைசி உரசல். விழாவுக்கு மார்ஷலுக்குப் பதிலாகப் போனவர் கடற்படை அமைச்சர் அட்மிரல் தார்லான்.

அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். லவாலை நீக்கிய கையோடு, ஒத்துழைப்புக் கொள்கையில் மாற்றம் இல்லை என்று ஹிட்லருக்குக் கடிதம் எழுதுகிறார் பெத்தேன். ஒத்துழைப்புப் பாதையில் இறங்குவதாக அக்டோபர் 30-ல் வானொலியில் நாட்டுக்கு அறிவித்ததும் அவரேதான்; அதற்கு ஆறு நாள் முன்புதான் மோந்துவார் ரயில் நிலையத்தில் ஹிட்லரோடு கை குலுக்கியிருந்தார். லவாலின் இடத்துக்கு வந்த பிளாந்தேனோடு ஜெர்மானியர் பேசவே மறுத்தார்கள். இரு மண்டலங்களுக்கும் நடுவே இருந்த எல்லையை இறுக்கினார்கள். பிப்ரவரி 1941-ல் பிளாந்தேன் போனார், தார்லான் வந்தார்.

தார்லான் காலத்தைத்தான் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். லவாலின் எதிரி, ஆனால் லவாலைவிட அதிகம் கொடுக்க முன்வந்தவர். 1940 ஜூலையில் அல்ஜீரியாவின் மெர்ஸ்-எல்-கெபீர் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கப்பல்கள் பிரெஞ்சுக் கடற்படையைச் சுட்டு 1,300 மாலுமிகள் வரை பலியானது அவர் மனதில் ஆறாத புண். 1941 மே மாதம் ஹிட்லரை பெர்ஹ்டெஸ்காடனில் சந்தித்துவிட்டு வந்து பாரிஸ் உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டார்: சிரியாவின் விமானத் தளங்கள், துனீசியாவின் பிசெர்த் துறைமுகம், பின்னால் மேற்கு ஆப்பிரிக்காவின் தக்காரில் நீர்மூழ்கிகளுக்குத் தளம். இராக்கில் பிரிட்டனுக்கு எதிராக எழுந்த ரஷீத் அலிக்கு உதவப் போன ஜெர்மன் விமானங்கள் சிரியாவில் இறங்கியும் விட்டன. விளைவாக ஜூன் 8-ல் பிரிட்டிஷ் படையும், சரணடைய மறுத்து லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த ஜெனரல் தெகோலின் படையும் சிரியாவுக்குள் நுழைந்தன. பிரெஞ்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். ஆப்பிரிக்கா சம்பந்தப்பட்ட பகுதிகள் மட்டும் நிறைவேறவில்லை. அதற்குக் காரணம் ஜெனரல் வேகான். வட ஆப்பிரிக்காவின் தலைமைப் பிரதிநிதியாக இருந்த அவர் ஜூன் தொடக்கத்தில் விஷிக்கு வந்து அமைச்சரவையில் எகிறினார். பதிலுக்கு ஜெர்மானியரிடம் பெரிய அரசியல் சலுகைகள் கேட்க வேண்டும் என்று தீர்மானமானது. ஜெர்மனி தரவில்லை, விஷயம் கிடப்பில் விழுந்தது.

சரி, அப்படியானால் வேகான்தானே நீங்கள் தேடும் நல்ல தரப்பு? ஜெர்மானியரை அவருக்குப் பிடிக்காது என்பது உறுதி. அமெரிக்காவோடு பேசி வட ஆப்பிரிக்காவுக்கு எண்ணெயும் துணியும் வரவழைத்தார். அவரை நீக்கச் சொல்லி ஜெர்மனி நெருக்கியது. 1941 நவம்பரில் பெத்தேன் நீக்கினார். ஓராண்டு கழித்து ஜெர்மானியர் கைது செய்து கொண்டுபோனார்கள். ஆனால் இதே வேகான்தான் அல்ஜீரியாவில் யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கறாராக நடத்தியவர். யூதப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டது அவர் நிர்வாகத்தில். தெகோலைத் துரோகி என்றே கருதினார். ஜெர்மனியை வெறுப்பதும் ஜனநாயகத்தை வெறுப்பதும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருக்க முடியும். விஷியில் அது சர்வசாதாரணம். லியோனில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த முடியாட்சி ஆதரவு எழுத்தாளர் மோராஸும் அப்படித்தான்: வாழ்நாள் முழுக்க ஜெர்மானிய எதிரி, பெத்தேனின் மிகப் பெரிய பக்தர், யூதர்களுக்கு எதிராக நஞ்சு கக்கியவர்.

எங்கே அவர்கள் சண்டையே போடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 1940 அக்டோபர் 3-ல் வந்த யூதர் சட்டம், அரசு வேலை, ஆசிரியப் பணி, பத்திரிகை, சினிமா ஆகியவற்றிலிருந்து பிரெஞ்சு யூதர்களைத் தள்ளியது. ஜெர்மனி எழுதிக் கொடுத்து வாங்கிய சட்டம் அல்ல. விஷியின் சொந்தச் சரக்கு. 2010-ல் வெளியான வரைவுப் பிரதி ஒன்றில், பெத்தேனின் கையெழுத்து என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட திருத்தங்கள் இருக்கின்றன. அவை சட்டத்தை இளக்கவில்லை, இறுக்கின. லவாலும் லவாலின் எதிரிகளும், மதப் பற்றுள்ள பழமைவாதிகளும், தொழிற்சாலை நவீனமயம் பேசிய பூசே, லெய்தே போன்ற நிர்வாகிகளும் விவசாயம், தொழிற்சங்கம், பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றிலும் முட்டிக்கொண்டார்கள். தொழிலாளர் சாசனம் ஒன்றை எழுதி முடிக்கவே அவர்களுக்கு 1941 அக்டோபர் வரை ஆனது. ஆனால் யூதர்களையும் பிரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தாரையும் கம்யூனிஸ்ட்களையும் ஒதுக்குவதற்கு அமைச்சரவையில் பெரிய தடையே வரவில்லை.

இதுவரை சொன்னது விஷி நகரத்துக்குள். பாரிஸில் வேறொரு கூட்டம் இருந்தது. அவர்களுக்கு விஷி போதவே போதாது. சோஷலிஸ்டாக இருந்து மாறிய தெயா, கம்யூனிஸ்ட் தலைவராக இருந்து மாறிய ஜாக் தொரியோ, போருக்கு முன் குண்டு வைத்த ரகசிய அமைப்பை நடத்திய தெலோங்கல் ஆகியோர் ஒற்றைக் கட்சி ஆட்சி வேண்டும், ஜெர்மனியோடு சேர்ந்து போரில் இறங்க வேண்டும் என்றார்கள். விஷி என்பது பாதிரிமார்களும் தளபதிகளும் நிறைந்த கிழட்டுக் கூடாரம் என்று தெயாவின் பத்திரிகை தினமும் திட்டும். அந்தப் பத்திரிகைகளுக்கு ஜெர்மன் பணம். இவர்களை ஏன் ஹிட்லர் ஆட்சியில் உட்கார வைக்கவில்லை என்று கேட்கலாம். வைப்பதால் அவருக்கு லாபமில்லை. மார்ஷல் பெயருக்கு இருந்த மரியாதையால் பிரெஞ்சுப் போலீசும் பிரெஞ்சு அதிகாரிகளும் சொன்ன வேலையைச் செய்தார்கள். ஒரு நாளைக்கு 40 கோடி பிராங்க் ஆக்கிரமிப்புச் செலவு ஒழுங்காக வந்து சேர்ந்தது. தொரியோவை நாற்காலியில் உட்கார வைத்தால் இது நடக்குமா? அவரை ஓரத்தில் நிறுத்தி, "நீங்கள் தராவிட்டால் இவர் காத்திருக்கிறார்" என்று லவாலிடம் காட்டுவதுதான் உபயோகம். அபெட்ஸ் இதை அழகாகச் செய்தார். பாரிஸ்காரர்கள் தங்களுக்குள்ளும் ஒற்றுமையாக இல்லை. 1941 ஆகஸ்ட் 27-ல் வெர்சாயில், ரஷ்யப் போர்முனைக்குப் போகும் தன்னார்வப் படையின் விழாவில் பால் கொலெத் என்ற இளைஞன் லவாலையும் தெயாவையும் சுட்டுக் காயப்படுத்தினான். தெயாவுக்குச் சந்தேகம் வந்தது தன் கூட்டாளி தெலோங்கல் மேல். இருவர் கட்சியும் பிரிந்துபோயின. கொலெத்துக்குப் பின்னால் யாரும் இருந்ததாக நிரூபணமாகவில்லை. ஆனால் படுக்கையில் கிடந்தவருக்கு முதலில் ஞாபகம் வந்த பெயர் அதுதான் என்பதே அந்தக் கூட்டத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

1942 ஏப்ரல் 18-ல் லவால் திரும்பினார், இந்த முறை "அரசாங்கத் தலைவர்" என்ற பட்டத்தோடு. ஜூன் 22-ல் வானொலியில் அவர் சொன்ன வாக்கியம் இன்றைக்கும் பிரான்சில் தெரியும்: ஜெர்மனியின் வெற்றியை விரும்புகிறேன், இல்லாவிட்டால் நாளை எங்கும் போல்ஷவிசம் வந்துவிடும். 1945 ஆகஸ்டில் பெத்தேன் மீதான விசாரணையில் இந்த வாக்கியத்துக்காக ஒரு காட்சி அரங்கேறியது. சாட்சிக் கூண்டில் லவால்: முன்கூட்டியே மார்ஷலிடம் காட்டினேன், "ஜெர்மனி ஜெயிக்கும் என்று நம்புகிறேன்" என்பதுபோல எழுதியிருந்தேன், நீங்கள் ராணுவத்துக்காரர் இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சொல்லி அதை மட்டும் மாற்றினார் என்றார். விசாரணை முழுக்கப் பெரும்பாலும் வாயே திறக்காமல் இருந்த பெத்தேன் அப்போது திறந்தார்: வானொலியில் அதைக் கேட்டபோது அதிர்ந்துபோனேன் என்றார். இருவரில் ஒருவர் பொய் சொன்னார், அல்லது இருவருமே தனக்கு வேண்டியதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள். என் கணிப்பு லவால் பக்கம் சாய்கிறது. காரணம், அந்தப் பேச்சு ஒலிபரப்பான பிறகும் பெத்தேன் அதைப் பகிரங்கமாக மறுக்கவில்லை.

லவாலின் இரண்டாம் ஆட்சியில்தான் மிகக் கொடியவை நடந்தன. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸில் பிரெஞ்சுப் போலீஸ் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தது. அதில் 4,000-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். போலீஸ் தலைமைச் செயலர் ரெனே பூஸ்கே ஜெர்மானியரோடு பேசி முடித்த ஏற்பாடு. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் பெற்றோரோடு அனுப்பலாம் என்று முன்வந்தவர் லவால். வெளிநாட்டு யூதர்களைக் கொடுத்துப் பிரெஞ்சு யூதர்களைக் காப்பாற்றினேன் என்பது அவருடைய பிற்கால வாதம். இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்: 1943 ஆகஸ்டில், அண்மையில் குடியுரிமை பெற்ற யூதர்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டத்தை ஜெர்மனி கேட்டபோது லவால் கையெழுத்திட மறுத்துவிட்டார், பெத்தேனும் சம்மதிக்கவில்லை. மறுக்க முடிந்தது என்று அதிலிருந்தே தெரிகிறது. அதற்குள் போர்க்காற்று திரும்பிவிட்டிருந்தது. பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட யூதர்கள் சுமார் 76,000 பேர். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர்.

1942 நவம்பர் 8-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கியபோது கோஷ்டிகளெல்லாம் ஒரே வாரத்தில் கலைந்து அடுக்கப்பட்டன. தார்லான் தற்செயலாக அல்ஜியர்ஸில், நோயுற்ற மகனைப் பார்க்கப் போயிருந்தார். போரை நிறுத்தி அமெரிக்கரோடு சேர்ந்தார். பெத்தேன் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். ஆனால் கடற்படையின் ரகசியக் குறியீட்டில், மார்ஷலின் உள்மனச் சம்மதம் இருக்கிறது என்ற பொருளில் அட்மிரல் ஓஃபான் தந்தி அனுப்பினார். தந்திகள் உண்மை, சந்தேகமில்லை. பெத்தேன் எவ்வளவு தெரிந்து சம்மதித்தார் என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்றும் பிரிந்து நிற்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, விமானம் ஏறி அல்ஜியர்ஸுக்குப் போங்கள் என்று சிலர் கெஞ்சியும் அவர் போகவில்லை என்பது தந்தியைவிடக் கனமான சாட்சி. நவம்பர் 11-ல் ஜெர்மானியர் தெற்கையும் பிடித்தார்கள். தூலோனில் நின்ற கப்பற்படையைத் தன்னிடம் அனுப்பச் சொன்னார் தார்லான். பிரிட்டிஷ்காரரை மனதார வெறுத்த தளபதி லபோர்த் ஒற்றை வசைச் சொல்லில் பதில் அனுப்பினார். நவம்பர் 27-ல் ஜெர்மானியர் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். சில நீர்மூழ்கிகள் மட்டும் தப்பின. சிறு படை கலைக்கப்பட்டது. தார்லான் டிசம்பர் 24-ல் அல்ஜியர்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். பேரம் பேச வைத்திருந்த சரக்கெல்லாம் இருபது நாளில் காலி.

அதற்குப் பின்தான் "பொம்மை" என்ற உங்கள் சொல் பொருந்தத் தொடங்குகிறது. 1943 நவம்பரில், தான் இறந்தால் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே திரும்பும் என்று வானொலியில் அறிவிக்கப் பார்த்தார் பெத்தேன். லவாலிடமிருந்து வாரிசு உரிமையைப் பிடுங்கும் முயற்சி அது, அமெரிக்கர் வருவதற்குள் ஒரு நல்ல பெயர் எடுக்கும் முயற்சியும்கூட. ஜெர்மானியர் ஒலிபரப்பைத் தடுத்தார்கள். சில வாரம் வேலைநிறுத்தம் மாதிரி கையெழுத்துப் போடாமல் இருந்தார். பிறகு பணிந்தார். அவர் பக்கத்திலேயே ஒரு ஜெர்மன் அதிகாரியை உட்கார வைத்தார்கள். பாரிஸ்காரர்கள் உள்ளே வந்தது இந்தத் தோல்வியின் விலையாக: தெயா தொழிலாளர் அமைச்சர், ஹென்ரியோ தகவல் துறை, மிலீஸ் என்ற துணைப்படையின் தலைவர் ஜோசப் தார்னான் காவல் துறை. தார்னான் வேறு, தார்லான் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள், தேர்வுத் தாளில் குழப்பியவர்கள் ஏராளம். தார்னான் முதல் உலகப் போரின் வீரர், 1943 ஆகஸ்டில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் உறுதிமொழி எடுத்தவர்.

1944 ஆகஸ்ட் 6-ல், அதாவது நேச நாட்டுப் படைகள் நார்மண்டியை உடைத்துக்கொண்டு பாரிஸை நோக்கி வரும்போது, மிலீஸ் செய்த சித்திரவதைகளையும் கொலைகளையும் கண்டித்து லவாலுக்கு நீண்ட கடிதம் எழுதினார் பெத்தேன். அது தார்னானுக்குக் காட்டப்பட்டது. தார்னானின் பதில் கடிதத்தின் சாரம் இது: நாலு வருஷமாக உங்களிடமிருந்து பாராட்டும் ஊக்கமும் வந்துகொண்டிருந்தது, இன்று அமெரிக்கர் பாரிஸ் வாசலில் நிற்கும்போது நான் பிரெஞ்சு வரலாற்றுக்குக் களங்கம் என்கிறீர்கள், கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே. கொலைகாரன் எழுதிய கடிதம்தான். ஆனால் விஷி அரசைப் பற்றி அதற்குள் இருந்தவர்கள் எழுதியதில் இவ்வளவு நேராக எழுதப்பட்டது வேறொன்று நான் படித்ததில்லை.

மிச்சமிருந்த கூத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லவால் பழைய நாடாளுமன்றத் தலைவர் எரியோவைக் காவலிலிருந்து பாரிஸுக்குக் கொண்டுவந்து நாடாளுமன்றத்தைக் கூட்டப் பார்த்தார். தெகோலுக்கு முன்னால் முந்திக்கொள்ளும் திட்டம். தீவிரக் கோஷ்டி ஜெர்மானியரிடம் போட்டுக் கொடுத்தது. ஆகஸ்ட் 17-ல் லவாலையும், 20-ல் கதவை உடைத்துப் பெத்தேனையும் ஜெர்மானியர் கொண்டுபோனார்கள். கடைசி நிறுத்தம் தென் ஜெர்மனியின் சிக்மரிங்கன் கோட்டை. ஆள நாடு இல்லை, ஆனாலும் பாரிஸில் விஷியின் பிரதிநிதியாக இருந்த பிரினோன் தலைமையில் ஒரு "அரசு ஆணையம்", கோட்டை மேல் பிரெஞ்சுக் கொடி, ஒரு செய்தித்தாள், ஒரு வானொலி. நான் கைதி என்று சொல்லிப் பெத்தேன் மேல் தளத்தில் கதவைச் சாத்திக்கொண்டார். தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரினோனுக்கு எழுதினார். லவாலும் வேலை செய்ய மறுத்துத் தன் வழக்குக்கான குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தார். தொரியோ அங்கே வரவே இல்லை. கான்ஸ்டன்ஸ் ஏரிக் கரையில் தனிக்கடை போட்டு, 1945 ஜனவரியில் சொந்தமாக "விடுதலைக் குழு" அறிவித்தார். கடைசியில் தெயாவோடு சமரசம் பேச பிப்ரவரி 22-ல் காரில் கிளம்பியவர் வழியில் விமானத் தாக்குதலில் செத்தார். வீடு ஜப்தியாகிச் சாமான் தெருவுக்கு வந்த பிறகும் நடு ஹால் யாருக்கு என்று அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்வது மாதிரி.

இப்போது உங்கள் "எதிர்த்த கோஷ்டி". விஷிக்குள் எதிர்ப்பே இல்லை என்று சொன்னால் அது தவறு. ராணுவத்தில் ஆயுதங்களை ஒளித்து வைத்தவர்கள் இருந்தார்கள். விஷியின் உளவு எதிர்ப்புப் பிரிவு ஜெர்மன் ஒற்றர்களைப் பிடித்தது, சிலருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டது. அதே பிரிவு தெகோல் ஆட்களையும் பிடித்தது. பெத்தேனை நம்பி உள்ளே போய், 1942–43-ல் எதிர்ப்பு இயக்கத்துக்கு மாறியவர்கள் கணிசம். பின்னாளில் குடியரசுத் தலைவரான மித்தெரான் அந்த ரகம்; விஷியின் பதக்கமும் வாங்கியவர், தலைமறைவு இயக்கமும் நடத்தியவர். இவையெல்லாம் உறுதி. ஆனால் இவர்கள் தனித்தனி ஆட்கள், சிறு குழுக்கள். அரசை வழிநடத்திய கோஷ்டி எதுவும் ஜெர்மனியிடமிருந்து விலகும் கொள்கையை ஒருநாளும் நடத்தவில்லை. பெத்தேன் ரகசியமாக சர்ச்சிலோடு ஒப்பந்தம் செய்திருந்தார் என்ற கதைக்கு ஆதாரம், 1940 அக்டோபரில் லண்டன் போய்வந்த பேராசிரியர் ரூழியேயின் கூற்று. பேச்சு நடந்தது உண்மை. ஒப்பந்தம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று பிரிட்டிஷ் அரசு 1945-ல் அறிவித்தது. பெத்தேன் கேடயம், தெகோல் வாள் என்ற வாதம் பிரான்சில் 1950-களில் நன்றாகவே விலைபோனது. 1970-களில் ஜெர்மன் ஆவணங்களைப் புரட்டியபோது, ஒத்துழைப்பை வலிய வந்து கேட்டது பெரும்பாலும் விஷிதான் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு கேடய வாதத்தைத் தீவிரமான ஆய்வாளர்கள் எடுப்பதில்லை; அரசியல்வாதிகள் அவ்வப்போது எடுக்கிறார்கள்.

கடைசியாகப் பாண்டிச்சேரி. பிரெஞ்சிந்தியாவின் ஆளுநர் லூயி போன்வேன் 1940 செப்டம்பரில் தெகோல் பக்கம் சேர்ந்துவிட்டதாக அறிவித்தார். ஆப்பிரிக்காவில் சாத் பகுதியின் ஆளுநர் எபுவே ஆகஸ்ட் 26-ல் சேர்ந்ததற்கு அடுத்த சில வாரங்களில். கொள்கைப் பற்று இருந்தது. கூடவே நிலப்பக்கமெல்லாம் பிரிட்டிஷ் இந்தியா இருந்தது. சரக்கு, ரயில், பணம் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டிய ஊர் விஷியோடு நிற்பது நடக்கிற காரியமில்லை. இந்தோசீனாவின் நிலைமை நேர்மாறு. அங்கே தலைமை ஆளுநராக இருந்த அட்மிரல் தெக்கூ ஜப்பானியரோடு ஒத்துப்போய், விஷி என்ற அரசே இல்லாமல் போன பிறகும் 1945 மார்ச் 9-ல் ஜப்பானியர் அவரைக் கைது செய்யும் வரை அந்த ஆட்சியை நடத்தினார். அதனால் பாண்டிச்சேரிக் குடும்பங்களில் சைகோனில் வேலைக்குப் போயிருந்தவர்கள் ஒரு கொடியின் கீழும், ஊரில் இருந்தவர்கள் இன்னொரு கொடியின் கீழும் போர்க்காலத்தைக் கழித்தார்கள்.